கூறி விற்ற கரை

மீனின் செவுளைத் தூக்கிக் காட்டாமல் கூறக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். பேசாலைக் கரையில் முப்பது வருடத்துக்கு மேல் மீன் கூறினவர் அவர். வள்ளம் கரை தட்டியதும் மீனை மணலில் கொட்டிக் கூறு கூறாகப் பிரிப்பார். அறக்குளா தனி, பாரை தனி, சூடையும் கீரியும் குவியல் குவியலாக. முதல் விலையை அவரே சொல்லி, சுற்றி நிற்பவர்களின் கண்ணையும் விரலையும் பார்த்து ஏற்றிக்கொண்டு போவார். வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பெரிய மீனுக்கும் குனிந்து செவுளைத் தூக்குவார். சிவப்பாக இருந்தால் பேசாமல் காட்டுவார். மங்கியிருந்தால் "இது நேற்றையான்" என்று உரக்கச் சொல்லுவார். மீனுக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி பக்கத்தில் நின்று முகத்தைச் சுளித்தாலும் சொல்லுவார்.

தமிழ்நாட்டார் ஏலம் என்பதை எங்கள் கரையில் கூறல் என்போம். ஏலம் என்ற சொல் போர்த்துக்கேயர் வாயிலிருந்து வந்தது என்றும், அவர்களுக்கு அது 'அறிவித்தல்' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து போனது என்றும் சொல்லாய்வோர் காட்டுவார்கள். கூறல் நம்முடையது. சொல்வதும் கூறுதான், பங்கு பிரிப்பதும் கூறுதான். அறுபது வயது தாண்டி நானே முதல்முறை ஒரு பொருளைக் கூறி விற்கப் போனபோதுதான் இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் இருப்பது என் மனதில் உறைத்தது.

நான் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஆயிரக்கணக்கான பொதிகளை நிறுத்து, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். என்னுடையதென்று எதையும் எவருக்கும் விற்றதில்லை. அப்பா போன பிறகு அவருடைய பழைய பிஸ்கற் பேணிக்குள் மூன்று படத் தபால் அட்டைகள் கிடைத்தன. மூன்றும் வெள்ளைக்காரர் காலத்து முத்துக்குளிப்புப் படங்கள். அவை யார் கையால் எங்கள் வீட்டுக்கு வந்தன என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. ரொறன்ரோவில் இருக்கும் பேத்தி அவற்றைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, இப்படியானவற்றைச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், இணையத்தில் ஏலத்துக்குப் போடலாம் என்றாள். கோயில் கூரை வேலைக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த நேரம். சரி என்றேன்.

முதல் அட்டையை முன்பக்கம் மட்டும் படம் எடுத்துப் போட்டோம். ஏழு நாள் ஏலம். ஐந்தாம் நாள்வரை ஒரேயொரு கேள்வி விலை. மருமகன் முறையான ஒருவர் கொழும்பிலிருந்து, "மாமி, நான் வேறு பெயரில் இரண்டு தரம் கேட்டு ஏற்றிவிடட்டோ?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எனக்கு உதவி செய்கிறார் என்றுதான் நினைத்தார். வேண்டாம் என்றேன். கூறல் நடக்கும்போது விற்கிறவன் வீட்டார் வாய் திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லுவார். எங்கள் அண்ணன் ஒருநாள் விளையாட்டாக விலை சொன்னபோது, அந்தக் கூறலையே நிறுத்தி, மீனை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிக் கூறினவர் அவர். எனக்கு அப்போது பத்து வயது. அண்ணனின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

கடைசி மணித்தியாலத்தில் விலை நன்றாக ஏறியது. நெதர்லாந்திலிருந்து ஒருவர் எடுத்தார். இரண்டு மட்டை நடுவே வைத்து, நனையாத உறை போட்டு, மறுநாளே அனுப்பினேன். அந்த வேலையில் எனக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. மூன்று கிழமையில் அவருடைய கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். அட்டையின் பின்பக்கத்தில் ஆல்பத்தில் ஒட்டிய பசைக்கறை இருக்கிறது, முத்திரை கிழிக்கப்பட்டிருக்கிறது, இதை நீங்கள் சொல்லவில்லையே என்று எழுதியிருந்தார்.

எனக்கு அது தெரியும். தெரிந்தும், படம் முன்பக்கத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். செவுளைத் தூக்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தை முழுக்கத் திருப்பினேன், அவர் அட்டையைத் திருப்பி அனுப்பிய செலவையும் சேர்த்து. மறுபடி இரண்டு பக்கமும் படம் எடுத்து, கறையைச் சொல்லிப் போட்டபோது முதல் விலையின் முக்கால்வாசிக்குத்தான் போனது. அதுதான் அதன் உண்மையான விலை.

அவருடைய கடிதத்தின் அடியில் ஒரு கேள்வியும் இருந்தது. படத்தில் பெரிய வேலியும் அதற்குள் கூட்டமும் தெரிகிறதே, அது என்ன இடம் என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதப் போய்த்தான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன். அந்த வேலிக்குப் பெயர் கொட்டு. உலகத்தில் நடந்த பெரிய ஏலங்களில் ஒன்று அந்த வேலிக்குள் நடந்தது. எங்கள் தீவுக்குத் தெற்கே, அருவியாறு கடலில் விழும் அரிப்புக்கும் அப்பால், சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று நீளும் கரை அது.

கடலுக்கு அடியில் சிப்பி விளையும் திட்டைப் பார் என்பார்கள். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார், வங்காலைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பார் ஒவ்வொரு வருடமும் விளையாது. 1768-இல் ஒல்லாந்தர் முத்துக் குளித்ததற்குப் பிறகு 1796 வரை இங்கே குளிப்பே இல்லை. 1891-க்குப் பிறகு 1903 வரை இல்லை. சிப்பி ஐந்தாறு வயதில் சாகும். அதற்கு முன்னால் எடுத்தால் முத்துச் சிறிது, பிந்தினால் ஒன்றுமில்லை.

பிரித்தானியர் 1795-இல் மன்னாரைப் பிடித்த கையோடு செய்தது, குளிக்கும் உரிமையை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டதுதான். 1804-ஆம் ஆண்டுக் குளிப்பைக் கண்ணால் கண்டு எழுதிய ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியார், அந்த வருடக் குத்தகையைக் கந்தப்பச் செட்டி என்பவர் எடுத்ததாகச் சொல்கிறார். 150 படகு, 30 நாள், விலை 3 இலட்சம் பரங்கிப்பேட்டை வராகன். பவுணில் 1 இலட்சத்து 20 ஆயிரம். கடலுக்கடியில் கிடப்பதைக் காணாமல் ஒரு மனிதன் கொடுத்த வாக்கு அது. அந்தக் காலத்தில் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்காக அரிப்புக் கரையில் கட்டிய மாளிகை இப்போது பாதி கடலுக்குள் இடிந்து கிடக்கிறது. சனங்கள் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். கதை அல்லியுடையது, சுவர் நோர்த்துடையது.

குத்தகைக்காரரின் காலம் போய் அரசாங்கமே நேரே நடத்தும் அமானி முறை வந்தபோதுதான் கொட்டும் அதற்குள் நடந்த இரவு ஏலமும் நிலைத்தன. இதில் அரசாங்கம் விற்பவர். இது அதற்குச் சங்கடமான நிலை. ஏனென்றால் விற்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. மீனுக்குச் செவுள் இருக்கிறது. மூடிய சிப்பிக்கு என்ன இருக்கிறது?

அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குளிப்புக்கு முந்திய மாதங்களில் கண்காணிப்பு அதிகாரி கப்பலில் போய், பாரில் மிதவை போட்டு, குளிகாரர்களைக் கொண்டு சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பிப்பார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெடுங்காலம் அந்த வேலையைக் கப்டன் டொனன் செய்தார். எடுத்த சிப்பியைக் கரையில் அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை முத்து வியாபாரிகளைக் கொண்டே மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா முத்து என்று வந்த கணக்கை, குளிப்பு எந்த நாளில் எந்த இடத்தில் என்ற அறிவித்தலோடு சேர்த்து இலங்கையிலும் இந்தியாவிலும் வெளியிடுவார்கள். மாதிரி மோசமாக வந்த வருடங்களில் குளிப்பே வேண்டாம் என்று விட்டதும் உண்டு. வாங்குபவன் கேட்பதற்கு முன்னால் விற்பவன் தான் அறிந்ததை அவிழ்த்து வைத்தான். சிப்பிக்கு அதுதான் செவுள்.

அறிவித்தல் போனதும் சனம் வரும். கீழக்கரை, தூத்துக்குடி, இராமேசுவரம், யாழ்ப்பாணம் எல்லா இடத்திலிருந்தும் குளிகாரர் வந்தார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள், மூக்கை அடைக்கும் கொம்புக் கவ்வியோடு வந்தார்கள். செட்டிமார், கீழக்கரை காயல்பட்டினத்து மரைக்காயர்கள், பம்பாய் வியாபாரிகள் பணப்பையோடு வந்தார்கள். 1905-இல் மறிச்சுக்கட்டியில் கிடுகும் கம்பும் கொண்டு எழுந்த பட்டினத்தில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர் இருந்தார்கள் என்பது பதிவு. தெரு, நீதிமன்றம், பொலிஸ், ஆஸ்பத்திரி, மறியல் எல்லாம் இருந்தன. சில மாதத்தில் எல்லாம் போய் மறுபடி காடும் மணலும். மறிச்சுக்கட்டிப் பக்கம் போனவர்களுக்கு அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரியும். காலுக்குக் கீழே சிப்பி ஓடு நொறுங்கும்.

நடுச்சாமத்தில் தரைக்காற்றில் படகுகள் போகும். விடியும்போது பாரில் நிற்கும். அடையாளம் காட்டியதும் குளிப்பு. ஒருவர் கல்லில் கால் வைத்து இறங்குவார், மேலே ஒருவர் கயிறு பிடிப்பார். ஒரு நிமிடம், அதற்குச் சற்றுக் கூட அல்லது குறைய. சுறா வராமல் மந்திரம் கட்டும் கடல்கட்டிக்கு அரசாங்கமே நெடுங்காலம் கூலி கொடுத்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் அதை மூடநம்பிக்கை என்று எழுதிவைத்தார்கள். கடல்கட்டி இல்லாமல் ஒருவரும் இறங்க மாட்டார்கள் என்பதையும் அவர்களே எழுதினார்கள். மத்தியானம் கடல்காற்று திரும்பியதும் பாய் விரித்துக் கரைக்கு வருவார்கள்.

இனி என் அட்டையில் இருக்கும் வேலிக்கு வருகிறேன். படகு கரை தட்டியதும் சிப்பியைச் சுமந்து கொட்டுக்குள் போக வேண்டும். வேறு வழியே கிடையாது. உள்ளே ஒவ்வொரு படகுக்காரரும் தங்கள் சிப்பியைத் தாங்களே மூன்று சம குவியலாகப் பிரிப்பார்கள். பிரித்து முடிந்ததும் அரசாங்க உத்தியோகத்தர் வந்து, இந்தக் குவியல் உங்களுடையது என்று ஒன்றைக் காட்டுவார். மற்ற இரண்டும் அரசாங்கத்துக்கு. எந்தக் குவியல் தங்களுக்கு வரும் என்று பிரிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஒன்றில் பெரிய சிப்பியையும் மற்றதில் சின்னதையும் போட ஒருவருக்கும் மனம் வராது. எண்ணிப் பார்த்துச் சண்டை பிடிக்கவும் தேவையில்லை. வீட்டில் பலாப்பழம் வெட்டும்போது, வெட்டுகிற பிள்ளை கடைசியாக எடுக்கட்டும் என்று அம்மா சொல்லுவாவே, அதே நீதி. ஒரு சாம்ராச்சியத்தின் வருமானம் அந்த நீதியின்மேல் நின்றது.

முற்காலத்தில் குளிகாரருக்கு நாலில் ஒன்றுதான். பிறகுதான் மூன்றில் ஒன்றானது. அந்த ஒன்றிலும் படகுக்காரருக்குப் பங்கு உண்டு. மிச்சத்தில் குளித்தவருக்கு இரண்டும் கயிறு பிடித்தவருக்கு ஒன்றுமாகப் பிரியும். உயிரைக் கொடுத்து இறங்குகிறவனுக்குக் கடைசியில் வந்து சேர்வது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசாங்கத்தின் நேர்மையைப் புகழும்போது இந்தக் கணக்கையும் நான் பக்கத்தில் வைக்க வேண்டும். குவியல் நீதியாகத்தான் பிரிந்தது. மூன்றில் இரண்டு என்பதை எந்த நீதி தீர்மானித்தது?

தன் கூற்றோடு குளிகாரன் கொட்டின் மறுபக்க ஒடுங்கிய வாசலால் வெளியே வருவான். அங்கேதான் அவன் விற்பவனாக ஆகிறான். அவர்களில் எத்தனையோ பேருக்கு அது வாழ்க்கையின் முதல் வியாபாரமாக இருந்திருக்கும். வாசலில் ஆயிரம் கைகள் நீளும். முகாமுக்கு வேலை தேடி வந்தவன், தேத்தண்ணீர்க் கடைக்காரன், பொலிஸ்காரனின் தம்பி, எல்லாரும் இரண்டு சிப்பி, ஐந்து சிப்பி, ஒரு டசின் வாங்கி அந்த இடத்திலேயே கத்தியால் பிளந்து பார்ப்பார்கள். அனேகமாக ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒருவனுக்கு ஒரு முத்து. விற்றவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. மூடியபடி கொடுத்தது மூடியபடியே போய்விட்டது. தனக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது என்ற சமத்துவம்தான் அந்தச் சந்தையைத் தாங்கியது.

அதனால்தான் அந்தக் கரையில் பெரிய குற்றம், படகிலேயே சிப்பியைத் திறந்து பார்ப்பது. கரைக்கு வரும் மணித்தியாலங்களில் திறந்து முத்தை எடுத்து விழுங்குகிறார்கள் என்று ஒவ்வொரு காலத்து அதிகாரியும் எழுதியிருக்கிறார். படகுக்கு ஒரு காவல்காரன் போட்டார்கள், காவல்காரனும் பங்குக்காரன் ஆனான் என்றும் எழுதியிருக்கிறார்கள். களவு என்று அதைச் சொல்லுவார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. திறந்து பார்த்துவிட்டு மிச்சத்தை மூடிய சிப்பி விலைக்கு விற்பவன், தனக்குத் தெரிந்ததை வாங்குபவனுக்கு மறைக்கிறான். பசைக்கறையைத் தெரிந்துகொண்டு முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்த நான் செய்ததும் வேறு வேலை இல்லை.

அரசாங்கத்தின் இரண்டு கூறும் கொட்டுக்குள்ளேயே எண்ணப்படும். கூலியாட்கள் இரவிரவாக எண்ணுவார்கள். 1906-இல் அந்த வேலைக்கு யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து அனுப்பப்பட்ட இளம் உத்தியோகத்தர்தான் பின்னாளில் எழுத்தாளராகப் பேர் பெற்ற லெனார்ட் வூல்ஃப். தூக்கமில்லாத இரவுகளையும் அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் ஈக்களையும் அவர் தம் சுயசரிதையில் பதிந்திருக்கிறார்.

இரவில் ஏலம். வட மாகாண அரசாங்க அதிபர் தலைமையில் நடக்கும். 1869 முதல் 1896 வரை அந்தக் கதிரையில் இருந்தவர் வில்லியம் துவைனம். இன்று இத்தனை சிப்பி என்று முதலில் எண்ணிக்கையை அறிவிப்பார்கள். கேள்வி ஆயிரத்துக்கு. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். அதிக விலை கேட்டவர் அந்த விலைக்குத் தான் விரும்பிய அளவு ஆயிரங்களை எடுக்கலாம். அதே விலைக்கு வேறு வியாபாரிகளும் எடுக்கலாம். மிச்சத்துக்கு மறுபடி கூறுவார்கள். காலையில் பணத்தைக் கட்டிவிட்டுச் சிப்பியை எடுத்துப் போய், தொட்டியில் போட்டு அழுகவிட வேண்டியதுதான்.

ஒரே இரவுக்குள் விலை ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பின்னேரம் யாரோ ஒருவன் வாசலில் பெரிய முத்து எடுத்தான் என்ற பேச்சுப் போதும் ஏறுவதற்கு. வியாபாரிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கேட்காமல் விடுவதும் உண்டு. அப்படிப்பட்ட இரவில் விற்பவர் என்ன செய்ய வேண்டும்? கோபித்துக்கொண்டு ஏலத்தைக் கலைக்கலாம், அல்லது தன் ஆளைக் கொண்டு கேட்பிக்கலாம். குறைந்த விலையானாலும் சொன்ன சொல்லுக்கு விற்பவனிடம் அடுத்த இரவு சனம் வரும் என்பதுதான் அப்பா கற்ற பாடம். சூடை மலிந்த நாளில் அவர் சம்மாட்டிமாரிடம் அதைத்தான் சொல்லுவார்.

1905-ஆம் வருடத்துக் கணக்கைத் தபால் கந்தோர்க்காரியின் பழக்கத்தில் நானும் போட்டுப் பார்த்தேன். எடுத்தது 8 கோடிக்கு மேல் சிப்பி. அரசாங்கத்துக்கு வந்தது ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா. மூன்றில் இரண்டு கூற்றுக்கு வகுத்தால் ஆயிரம் சிப்பி 46 ரூபா அளவில் போயிருக்கிறது. ஒரு சிப்பி ஐந்து சதம்கூட இல்லை.

ஏலம் முடிந்த பிறகு முத்து இன்னொரு சந்தைக்குள் போகும். பத்துப் பித்தளைச் சல்லடையில் போட்டு அளவு பிரிப்பார்கள். பிறகு உருண்டையும் ஒளியும் பார்த்து வகை பிரிப்பார்கள். ஆணி, கையேறல், வடிவு, மடங்கு, குறுவல், களிப்பு, பீசல், தூள். இந்தப் பெயர்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள், எங்கள் மொழி ஒரு குறையை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறது என்று தெரியும். குறையுள்ள முத்தை நல்ல முத்தென்று விற்பதற்கு வழியில்லாமல், குறைக்கே ஒரு பேரும் ஒரு விலையும் கொடுத்தார்கள். மஞ்சாடியில் நிறுப்பார்கள், இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. விலையைத் துணி மறைவில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கொட்டுக்குள் உரக்கக் கூறி விற்றது இங்கே மௌனமாகக் கைமாறியது. எனக்குக் கொட்டுத்தான் பிடிக்கும்.

1905-இன் பெருவிளைச்சல் எல்லாருடைய கண்ணையும் மறைத்தது. பேராசிரியர் ஹேர்ட்மனும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலும் பார்களை ஆராய்ந்து ஐந்து பாகமாக அறிக்கை எழுதினார்கள். 1906 முதல் இருபது வருடத்துக்கு, வருடம் 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா வாடகைக்கு, லண்டனில் தொடங்கிய ஒரு கொம்பனிக்குப் பார்கள் குத்தகையாகப் போயின. 1907-க்குப் பிறகு சிப்பி இல்லை. 1912-இல் கொம்பனி கலைந்தது. ஜப்பானில் மிகிமொட்டோ என்பவர் 1893-இலேயே முத்தை வளர்த்தெடுத்திருந்தார். 1925-இல் ஒருதரம், 1958-இல் ஒருதரம் இங்கே குளித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கரை வேறு துயரங்களைப் பார்த்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் வெறுமையாயின. அந்த ஊர்களின் பிள்ளைகள் புத்தளத்து அகதி முகாம்களில் வளர்ந்தார்கள். அவர்களுடைய பாட்டன்மாரும் அந்த வாசலில் நின்று சிப்பி விற்றிருப்பார்கள். இதைச் சொல்லாமல் முத்தின் கதையை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேத்தி எனக்கு இன்னொரு கதை சொன்னாள். இணைய ஏலத்தில் உலகப் பேர் பெற்ற ஈபே, 1995 செப்ரெம்பரில் பியர் ஒமிடியார் என்பவர் வேறு பெயரில் தொடங்கியது. அதில் முதலில் விற்றது உடைந்த லேசர் விளக்கு ஒன்று, 14 டொலர் 83 சதத்துக்கு. விற்றவர் ஒமிடியாரேதான். அது உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவர் எழுதிக் கேட்டாராம். உடைந்தவற்றைத்தான் நான் சேர்க்கிறேன் என்று பதில் வந்ததாம். அடுத்த வருடம் மாசியிலேயே, வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லாரும் பார்க்க எழுதும் வழியை அங்கே கொண்டுவந்தார்கள். முகம் தெரியாதவர்களின் சந்தை அது இல்லாமல் ஓடாது. எங்கள் கரையில் அதற்கு எழுத்துத் தேவைப்படவில்லை. இன்னாரின் வள்ளத்து மீன் என்றால் செவுள் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லுவார்கள். அப்பா அதற்கும் தூக்கித்தான் காட்டுவார்.

இரண்டாவது அட்டை நல்லபடியாகப் போனது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொட்டின் வெளிவாசல். வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் இளைஞன் சாக்கொன்றைத் தோளில் போட்டபடி வெளியே வருகிறான். முன்னால் கைகள். அவனுக்கு வயது பதினெட்டோ இருபதோ. எந்தக் கையைப் பார்ப்பது என்று தெரியாத முகம். விற்காமல் வைத்திருங்கோ அம்மம்மா என்றாள் பேத்தி. கோயில் கூரை நனைகிறது பிள்ளை என்றேன். அச்சில் வந்த அட்டை, இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கும். அந்தப் பையன் எனக்கு மட்டும் சொந்தமில்லை.

போன சனிக்கிழமை இரவு அதை ஏலத்துக்குப் போட்டோம். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் இரண்டு படம், ஓரம் சரிவாகத் தெரிய ஒரு படம். நான் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். இடது மேல் மூலை மடிந்திருக்கிறது. கீழே ஈரக்கறை, பேணிக்குள் இருந்தபோது பட்டது. நடுவில் மெல்லிய கோடு, விளக்குக்குப் பிடித்தால் மட்டும் தெரியும். பின்பக்கம் ஒருவர் பென்சிலால் எதையோ எழுதி அழித்திருக்கிறார், எழுத்துப் புரியவில்லை. இது 1905-ஆ 1906-ஆ என்று எனக்கு நிச்சயமில்லை. தபால் செலவு இவ்வளவு, அதற்கு மேல் கேட்க மாட்டேன். பணம் வந்த மறுநாள் மன்னார்த் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போடுவேன்.

"இவ்வளவும் எழுத வேணுமோ அம்மம்மா? ஆர் கேட்பினம்?"

"அந்தக் கோட்டை இன்னொருக்கா எழுது, பிள்ளை. நடுவிலை எண்டு போட்டனியோ? வலது பக்கம் சரிஞ்சு போகுது. அதையும் போடு."